கழிப்பிடக் கட்டணத்தை நீக்கக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்: சந்தைப்பேட்டை பின்தெருப் பெண்கள்
பெறுநர்: ஆணையர் அவர்கள், நகராட்சி அலுவலகம்

பொருள்: பெண்கள் கழிப்பிடத்தைப் பழையபடி இலவசமாகத் திறந்துவிடக் கோருதல் தொடர்பாக.
பார்வை: இதே விஷயமாக முன்பு கொடுத்த மூன்று மனுக்கள். ஒப்புகைச் சீட்டு மூன்றும் பத்திரமாக இருக்கிறது, பதில்தான் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் கழிப்பிடம் தாங்கள் அறியாததல்ல. போன மழைக்குச் சாக்கடை அடைத்தபோது நேரில் வந்து பார்த்தீர்கள்.

1. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கழிப்பறை கிடையாது, கட்ட இடமும் கிடையாது. இத்தனை வருடம் இலவசமாக இருந்த பெண்கள் பகுதியைக் குத்தகைக்கு விட்டு, ஆளுக்கு 5 ரூபாய் என்று சாக்பீஸில் எழுதி வைத்துவிட்டார்கள்.

2. நேரமும் குறைந்துவிட்டது. காலை 6 மணிக்குத்தான் திறப்பு, ராத்திரி 8 மணிக்குப் பூட்டு. பூக்கட்டப் போகிறவர்கள் நாலரைக்கே கிளம்பணும்.

3. என் வீட்டில் நான், மாமியார், இரண்டு பெண் பிள்ளைகள். ஆளுக்கு இரண்டு தடவை என்று வைத்தாலே நாளைக்கு 40 ரூபாய், மாதம் 1,200. என் வீட்டு வரி அரையாண்டுக்கு 540 ரூபாய்தான் ஐயா! மாமியாருக்குச் சர்க்கரை, ராத்திரியில் மூன்று தடவை எழுந்திருப்பார். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு முள்காட்டுப் பக்கம் போகிறார், அதனால் சாயங்காலம் 5 மணிக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. பெரியவள் மாதவிலக்கு நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை அடக்கிக்கொண்டு இருந்து, வந்ததும் கையில் சில்லறை இருக்கா என்று என்னைத்தான் கேட்கிறாள். காசு கொடுத்து உள்ளே போனால் தாழ்ப்பாள் இல்லை, துப்பட்டாவைக் கட்டி ஒரு கையால் இழுத்துப் பிடிக்கணும். பல்பும் இல்லை. ஆண்கள் சிறுநீர் கழிக்கக் காசு கிடையாது, நாங்கள் எதற்குப் போனாலும் 5. இது என்ன நியாயம்?

4. நகராட்சி அலுவலகத்தில் கேட்டால், "வரி ஏத்தக் கூடாதுன்னு நீங்கதானே மனு கொடுத்தீங்க, காசு எங்கிருந்து வரும்" என்கிறார்கள். ஆமாம், 2018-ல் வீட்டு வரியை 50 சதவீதம் வரை ஏற்றியபோது ஆட்சேபனை கொடுத்தோம். 2019 நவம்பரில் அரசே அதை நிறுத்தி வைத்தது. சரி, அதோடு முடிந்ததா? 2022 பிப்ரவரியில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது, ஏப்ரலிலேயே மறுபடி ஏற்றினார்கள். 600 சதுர அடிக்குக் குறைந்த எங்கள் வீடுகளுக்கு 25 சதவீதம். அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், ரசீது இணைத்திருக்கிறேன். குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே நிதி ஆணைய மானியம் வருகிறதே, அதில் ஒரு பல்பும் தாழ்ப்பாளும் வாங்க முடியாதா? எப்பவோ கொடுத்த ஆட்சேபனைக்கு எங்கள் பிள்ளைகள் மூத்திரத்தை அடக்கி அபராதம் கட்டணுமா?

5. கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் எழுதியதை அடித்துத் திருத்தவில்லை.

6. கட்டணத்தை எடுத்துவிடுங்கள். முடியாது என்றால் ராத்திரியாவது பூட்டாமல் விடச் சொல்லுங்கள் ஐயா. அதுவே பெரிய உதவி.

இப்படிக்கு,
பின்தெருப் பெண்கள் (கையெழுத்தும் கைநாட்டும் பின்பக்கம்)

இந்த மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு போடச் சொல்லவும்.