மாடியில ஒரு ரூம் எடுக்க பழைய பிளான் கேக்குறாங்க, அது ஆபீஸ்லயே இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீடு கட்ட அனுமதி வாங்கறது இப்பல்லாம் ஈஸின்னு சொல்றாங்க, அது உண்மையும்கூட. 2024 ஜூலைல வந்த சுயசான்று திட்டத்துல 2,500 சதுர அடிக்குள்ள மனை, 3,500 சதுர அடிக்குள்ள வீடு, கீழ்தளமும் மேல ஒரு மாடியும் மட்டும்னா ஆன்லைன்லயே அப்ளை பண்ணி பணம் கட்டி உடனே அனுமதிய எடுத்துக்கலாம், யாராவது வந்து சைட்ட பாக்கட்டும்னு நாள்கணக்கா காத்துக்கிடக்க வேணாம், கட்டி முடிச்சப்புறம் வாங்கற முடிவுச் சான்றும் வேணாம். என் தங்கச்சி பையன் அப்படித்தான் வாங்கினான், யாருக்கும் கையில ஒரு ரூபா வைக்கல. அதுக்கு அரசாங்கத்த மனசார பாராட்டறேன்.

ஆனா காலி மனைல புதுசா கட்டறவங்கள மட்டும் பாத்தா போதுமா? 80கள்ல 90கள்ல லோன் போட்டு அரை கிரவுண்டுல கீழ் வீடு மட்டும் கட்டிட்டு, மாடிய பசங்க பாத்துக்கட்டும்னு கம்பிய நீட்டி விட்டுட்டுப் போன குடும்பம் எங்க ஏரியா பூரா இருக்கு. இப்ப அந்த பையனுக்கு கல்யாணம், இல்லன்னா அம்மாவுக்கு முட்டி வலி, பின்கட்டு பாத்ரூம் வரைக்கும் நடக்க முடியல, பெட்ரூம் பக்கத்துலயே ஒண்ணு கட்டணும். இது பேராசையே இல்ல. 2019ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள்ல தளப்பரப்பு குறியீட்ட 1.5ல இருந்து 2 ஆக்கிட்டாங்க, அதாவது 1,200 சதுர அடி மனைல, செட்பேக், அதாவது வீட்ட சுத்தி விட வேண்டிய காலி இடம், எல்லாம் சரியா விட்டு, எல்லா தளமும் சேத்து 2,400 சதுர அடி வரைக்கும் கட்டலாம். சட்டமே இடம் குடுத்துருக்கு, இவங்க கேக்கறது அதுல பாதி கூட இருக்காது.

சரின்னு நேர்மையா அனுமதி வாங்கப் போனா முதல்ல கேக்கறது பழைய அப்ரூவ்டு பிளான். எங்க வீட்டு பிளான் அந்தக்கால நீல பிரிண்ட், பீரோல மடிச்சு வச்சது மடிப்பு மடிப்பா பிரிஞ்சு நாலு துண்டா வந்துருச்சு, சீல் போட்ட மூலைய பூச்சி அரிச்சிருச்சு, அனுமதி நம்பரும் தேதியும் இருந்தது அந்த மூலைலதான். ஆபீஸ்ல ஒரு காப்பி இருக்குமேன்னு போய் கேட்டா, அது பேரூராட்சி காலத்துது, அப்ப இருந்த ஃபைல்லாம் இங்க வரலன்னு சொல்லிட்டாங்க. பழைய பேரூராட்சி கட்டிடத்துல போய் பாத்தா கோணிப்பைல கட்டி மூலைல அடுக்கி வச்சிருக்காங்க, எந்த வருஷம் எந்த பைல இருக்குன்னு அங்க வேலை பாக்கறவங்களுக்கே தெரியல. அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், அவ்வளவு பைய பிரிச்சு தேட ஆளும் இல்ல, யாரும் தேடச் சொல்லவும் இல்ல.

இது எங்க ஊர் பிரச்சனை மட்டும்னு நினைக்காதீங்க. 2019ல ஆவடி, 2021ல தாம்பரம், காஞ்சிபுரம், கும்பகோணம், கரூர், கடலூர், சிவகாசி, 2024ல காரைக்குடி, நாமக்கல், புதுக்கோட்டை, திருவண்ணாமலைன்னு வரிசையா மாநகராட்சி ஆகியிருக்கு. தாம்பரத்துல மட்டும் அஞ்சு நகராட்சியும் அஞ்சு பேரூராட்சியும் ஒண்ணா சேந்துச்சு. போர்ட மாத்தினா போதுமா, அந்த பத்து ஆபீஸ்லயும் இருந்த பழைய பிளான், ரிஜிஸ்டர் எல்லாத்தையும் எடுத்து ஒழுங்குபடுத்தற வேலையும் சேந்து நடக்கணும்ல.

பிளான் கிடைக்கலன்னா அடுத்து என்ன நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். புரோக்கர் ஒருத்தர் வந்து, அனுமதிலாம் எதுக்கு சார் கட்டிடுங்க, பின்னாடி அனுமதியில்லாம கட்டினத வரன்முறைப்படுத்தற ஸ்கீம் வரும் அப்ப பணத்த கட்டிக்கலாம்பார். அவர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கற மாதிரிதான் தெரியும், ஏன்னா 28.2.1999க்கு முன்னாடி கட்டினதுக்கு ஒரு ஸ்கீம், அப்புறம் 1.7.2007க்கு முன்னாடி கட்டினதுக்கு ஒரு ஸ்கீம்னு வந்துச்சு. விதிப்படி போனவன் அலைஞ்சான், மீறினவன் காத்திருந்து பணம் கட்டி தப்பிச்சான். ஆனா 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு தெளிவா சொல்லிடுச்சு, அனுமதி இல்லாம கட்டினத ரொம்ப வருஷம் ஆச்சு, நிறைய செலவு பண்ணிட்டோம்னு காரணம் காட்டி காப்பாத்த முடியாதுன்னு. இனிமே புரோக்கர் பேச்ச நம்பி கட்டினா பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மனு போட்டாலே நோட்டீஸ் வரும், வேலைய நிறுத்துவாங்க, சீல் வைக்கற வரைக்கும் போகலாம். பேங்க்லயும் பிளான் இல்லாத மாடிக்கு லோன் தர மாட்டாங்க, அப்ப வட்டிக்கு வாங்கித்தான் கட்டணும்.

ரூல்ஸே வேணாம்னு நான் சொல்லல, நல்லா கவனிக்கணும். செட்பேக்ன்னா சும்மா கிடக்கற இடம்னு நிறைய பேர் நினைக்கறாங்க. எங்க தெருவுக்கு இன்னும் பாதாள சாக்கடை வரல, எல்லார் வீட்லயும் பின்னாடிதான் செப்டிக் டேங்க். ஒரு வீட்ல பக்கவாட்டு சந்த அடைச்சு பாத்ரூம் கட்டிட்டாங்க, இப்ப கழிவுநீர் லாரி வந்தா ட்யூப்ப வாசக்கதவு வழியா உள்ள விட்டு, ஹால்ல சோபாவ நகத்தி, சமையல்கட்டு தாண்டி இழுத்துட்டுப் போறாங்க. வேலை முடிஞ்சு அத திரும்ப இழுக்கும்போது தரையெல்லாம் சொட்டும், அந்த வீட்டு அம்மா பினாயில் ஊத்தி கழுவிட்டு சாயங்காலம் வரைக்கும் சமைக்கவே மாட்டாங்க. ஒட்டிக் கட்டினதால பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் காத்து போச்சு. அதனாலதான் சொல்றேன், சந்து விட்டுத்தான் கட்டணும், அதுல ஒரு அடி கூட விட்டுக்குடுக்கக் கூடாது.

இன்னொண்ணு, எதுக்கு அனுமதி வேணும் எதுக்கு வேணாம்னே ஜனங்களுக்கு தெரியல. வெள்ளையடிக்க, பூச்சு உதிர்ந்தத சரிபண்ண, தரைக்கு டைல்ஸ் மாத்த எல்லாம் யார் அனுமதியும் வேணாம். ஆனா வாசல்ல ஒரு லோடு மணல் இறங்கினா போதும், பெர்மிஷன் வாங்கிட்டீங்களான்னு யாராவது வந்து நிப்பாங்க, தெரியாதவங்க பயந்து போய் ஐநூறோ ஆயிரமோ குடுத்து அனுப்பறாங்க. மாடியில ஷீட் போடறதுக்கு கேட்டா ஒரு எஞ்சினியர் வேணும்ங்கறார், இன்னொருத்தர் வேணாம்ங்கறார். எல்லா வார்டு ஆபீஸ் வாசல்லயும் இது இதுக்கு வேணும், இது இதுக்கு வேணாம், கட்டணம் இவ்வளவுன்னு பெரிய எழுத்துல தமிழ்ல ஒரு போர்டு வைக்க எவ்வளவு செலவாகிடும்?

பழைய பேரூராட்சி, நகராட்சி பிளான்களையெல்லாம் ஸ்கேன் பண்ணி, வீட்டு வரி நம்பர போட்டா சான்றிட்ட நகல் கிடைக்கற மாதிரி பண்ணுங்க. ஆபீஸ்லயே தொலைஞ்சு போச்சுன்னா அந்த பழிய வீட்டுக்காரன் மேல போடாம, பதிவு பெற்ற எஞ்சினியர் இப்ப இருக்கற வீட்ட அளந்து வரைஞ்ச பிளான், பத்திரம், பழைய வரி ரசீது, ஈபி கார்டு இத வச்சு கீழ் வீட்ட ஏத்துக்கிட்டு, செட்பேக் சரியா இருந்தா மாடிக்கு அனுமதி குடுங்க. சலுகை கேக்கல, முழு கட்டணத்தையும் கட்டத் தயாரா இருக்கோம், புது தளத்துக்கு வரியும் போட்டுக்கட்டும்.

எங்க தெருவுல மட்டும் மூணு குடும்பம் ஆவணில வேலைய ஆரம்பிக்கணும்னு காத்துக்கிட்டு இருக்காங்க, அதுல ரெண்டு பேர் புரோக்கர்கிட்ட பேச ஆரம்பிச்சிட்டாங்க. மாடி எடுக்க பழைய பிளானுக்கு பதிலா எத ஏத்துப்பீங்கன்னு நகராட்சி நிர்வாகத் துறை அதுக்குள்ள ஒரு சுற்றறிக்கை போட்டா அவங்க மூணு பேரும் ஒழுங்கா அப்ளை பண்ணுவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை புறநகர்.