நடுராத்திரியில் ஒரு பென்சில் படம்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால் உடனே எழுத முடியவில்லை. பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதா! கடிக்கிறாளா?

கண் தெளிந்ததும் நான் ஆசை தீரப் பார்த்தது ஒரு பென்சில் படத்தை. 1821இல் ஜான் லின்னல் வரைந்தது, இப்போது கேம்பிரிட்ஜில் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் வில்லியம் பிளேக்கும் ஜான் வார்லியும். மூவருமே ஓவியர்கள். வார்லி, லின்னலின் வாத்தியார். பிளேக், லின்னலைவிட ஏறக்குறைய 35 வயது மூத்தவர், 1818இல்தான் பழக்கம்.

வார்லிக்கு ஜோசியப் பைத்தியம். பிறந்த நேரம் கிடைத்தால் போதும், ஜாதகம் கணிக்க உட்கார்ந்துவிடுவார். பிளேக்குக்கோ செத்துப்போன ராஜாக்கள் எதிரில் வந்து நிற்பார்கள். வார்லி வீட்டில் ராத்திரி அவர்களைப் பார்த்துப் பார்த்து வரைவார். ஒருமுறை தெள்ளுப்பூச்சியின் ஆவிகூட வந்து போஸ் கொடுத்திருக்கிறது! பக்கத்திலிருந்த வார்லி கண்ணுக்கு எதுவும் தட்டுப்படாது. ஆனால் நம்புவதில் பிளேக்கையே மிஞ்சிவிடுவார்.

படத்தில் இருப்பது லின்னல் வீட்டுக் கூடத்தில், நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் அவர் கண்ட காட்சி. வார்லி கையைத் தூக்கிக்கொண்டு ஆவேசமாகப் பேசுகிறார். பிளேக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்த உட்காரலைப் பார், ராமு. பலர் பைத்தியம் என்று ஒதுக்கிய மனிதர் அவர். இந்த இரண்டு பேரில் பிளேக்தான் புத்தி தெளிந்தவராகத் தெரிந்தார் என்று லின்னலே பின்னால் எழுதி வைத்திருக்கிறார். வாத்தியாரை இப்படிப் போட்டுக்கொடுக்கலாமா என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

லின்னல் சும்மா வேடிக்கை பார்த்தவர் இல்லை. பிளேக் காசுக்குத் திண்டாடியபோது, 1823இல் பைபிளில் வரும் யோபு கதைப் படங்களைச் செப்புத்தகட்டில் செதுக்கித் தரச் சொல்லி, பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவந்தார். 1827இல் பிளேக் போய்ச்சேரும் வரை அந்தக் குடும்பத்துக்கு அவர் ஒரு பெரிய துணை.

அப்புறம் ஒன்று. ஹாஸ்டல் மொட்டைமாடியில் நானும் குமாரும் விடிய விடியக் கத்திக்கொண்டிருந்தபோது, நீ நோட்டின் கடைசிப் பக்கத்தில் எங்களை வரைந்தாயே, அது உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு. கையைத் தூக்கிக்கொண்டிருந்தது நானா, அவனா என்று தெரிய வேண்டும்.

உன்,
சேகர்