அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

மேற்கு மாம்பலம், சென்னை
ஞாயிறு இரவு

அன்புள்ள ராமநாதா,

காலையில் போனில், "புதன்கிழமை அந்த வீட்டுக்கு அட்வான்ஸாக ஒரு லட்சத்தைக் கொடுக்காதே, காரணத்தை எழுதுகிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். இப்போது எல்லோரும் தூங்கியாயிற்று. பொறுமையாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அரசலாற்றங்கரை நிலத்தை விற்றுவிட்டாய் என்று உன் கடிதத்தில் படித்தபோது மனம் கனத்தது. அந்தப் போர்செட்டில் நாம் குளித்த நாள்களை நினைத்துக்கொண்டேன். மகள் பெருங்குடியில் வேலை செய்கிறாள், அவளுக்கு இங்கே ஒரு வீடு வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் உன் அப்பா காலத்து நிலம் விற்ற பணம் அது. ஒரு வாரத்தில் அவசரமாகக் கைமாற்றும் பணம் இல்லை.

"புரோக்கர் தங்கமான மனிதர், நமக்காக எவ்வளவு அலைகிறார்" என்று எழுதியிருக்கிறாய். அவர் நல்லவராகவே இருக்கட்டும். என் கேள்வி வேறு. அவருக்குப் பணம் எப்போது கிடைக்கும்? வீடு கைமாறினால்தான். உன்னிடம் ஒரு சதவீதம், விற்பவரிடம் ஒரு சதவீதம். நீ வேண்டாம் என்று சொன்னால், இத்தனை நாள் அலைந்த பெட்ரோல் காசுகூட அவருக்கு இல்லை. அப்படியிருக்க, "சார், இந்த வீடு வேண்டாம்" என்று அவர் வாயிலிருந்து எப்படி வரும்?

போன வருடம் என் மகளுக்கு வீடு தேடியபோது நானும் இதே இடத்தில்தான் நின்றேன். வேளச்சேரியில் தரைத்தள வீடு ஒன்று. புதிதாகப் பெயிண்ட் அடித்து, கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்கள். "இந்தத் தெருவில் தண்ணீரே நின்றதில்லை" என்று தரகர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். இரண்டு லட்சத்துக்குச் செக் எழுதத் தயாராக இருந்தேன். அப்போது டல்லாஸில் இருக்கும் என் தம்பி மகன்தான் போனில் தடுத்தான். அங்கெல்லாம் வாங்குபவருக்கென்று தனி ஏஜெண்ட் இருப்பாராம். 2024 ஆகஸ்ட் 17 முதல், அங்குள்ள தரகர் சங்கத்தின் மீது நடந்த வழக்கின் சமரசத்தால், ஏஜெண்டோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, கட்டணம் எவ்வளவு என்று அதில் குறித்த பிறகுதான் வீட்டையே சுற்றிக் காட்டுவார்களாம். "பெரியப்பா, உங்கள் பக்கம் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

விசாரித்ததில் ஓர் அம்மா கிடைத்தார். பதினைந்து வருடம் வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் வேலை பார்த்தவர், இப்போது வாங்குபவர்களுக்காக மட்டும் வேலை செய்கிறார். இரண்டு பக்க ஒப்பந்தம் போட்டோம். கட்டணம் 75,000 ரூபாய். பாதி முதலில், மீதி மூன்று மாதம் முடிந்ததும். நாங்கள் வீடு வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி. விற்பவரிடமிருந்து எந்த வகையிலும் பணம் வாங்கமாட்டேன் என்று ஒரு வரி. வீட்டு விலையில் இத்தனை சதவீதம் என்று ஏன் கேட்கவில்லை என்றேன். "விலை ஏறினால் எனக்கு லாபம் என்றால், நான் எப்படி உங்களுக்காகக் குறைத்துப் பேசுவேன்?" என்றார். அமெரிக்காவில்கூட பெரும்பாலும் சதவீதக் கணக்குதான். அந்த ஒரு விஷயத்தில் இந்த அம்மாவின் வழிதான் நேர்மையானது என்பது என் முடிவு.

வேளச்சேரி வீட்டுக்கு அவரை அழைத்துப் போனேன். வீட்டுக்குள் நுழையவே இல்லை. நேராக மாடிப்படிக்குக் கீழே போய் மின்சார மீட்டர் பெட்டியைப் பார்த்தார். அது என் தலைக்கு மேலே இருந்தது. செல்போன் வெளிச்சத்தில் அதே சுவரைக் கீழ்நோக்கித் தடவிக்கொண்டே வந்தார். இடுப்பு உயரத்தில் பெயிண்டுக்கு அடியில் நான்கு சின்னக் குழிகள். ஒன்றில் விரலை வைத்து, "இங்கே இருந்த பெட்டியை மேலே ஏற்றியிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்போம்" என்றார். தெருமுனையில் துணி தேய்ப்பவரைக் கேட்டோம். 2015 டிசம்பரில் தன் தள்ளுவண்டியே மிதந்து போனதையும், 2023 மிக்ஜாம் புயலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதையும் சொன்னார். நான் செக் புத்தகத்தைப் பையில் வைத்திருந்தேன், ராமநாதா. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்தது மடிப்பாக்கத்தில் நான்காவது மாடி. காற்றோட்டம் அருமை, என் மகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அந்த அம்மா ஒப்புதல் வாங்கிய வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். வரைபடத்தில் மூன்று மாடிதான்! அந்த வீடு காகிதத்தில் இல்லவே இல்லை. இன்னொன்றில் விற்பவர் தன் அண்ணன் கொடுத்த பவரை, அதாவது அண்ணன் சார்பில் விற்க எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை, வைத்துக்கொண்டு விற்க வந்தார். அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு மருத்துவச் சான்று கேட்டோம். இன்று, நாளை என்று இழுத்தார்கள். பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பவர் செல்லாது என்பது உனக்குத் தெரியும். விட்டுவிட்டோம்.

கடைசியில் நங்கநல்லூரில் அமைந்தது. 92 லட்சம் கேட்டார்கள். அந்த அம்மா அந்தச் சர்வே எண் முழுவதற்கும் வில்லங்கம், அதாவது அங்கே பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பார்த்தார். அதே கட்டடத்தில் மேல் வீடு எட்டு மாதத்துக்கு முன்பு 81 லட்சத்துக்குக் கிரயமாகியிருந்தது. அந்தத் தாளை மேசையில் வைத்துப் பேசியதால் 84 லட்சத்தில் முடிந்தது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 7,56,000 ரூபாய். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குபவரே விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பதை எந்தத் தரகரும் எனக்குச் சொன்னதில்லை. இவர்தான் சொன்னார். பத்திரங்களுக்கு மட்டும் தனியாக ஒரு வக்கீலை வைக்கச் சொன்னார். "நான் வக்கீல் இல்லை, மூலப்பத்திரத்திலிருந்து அவர் படிக்கட்டும்" என்று அவரே பிடிவாதமாக நின்றார்.

இனி உன் வீட்டுக்கு வருகிறேன். "1,180 சதுர அடி, 95 லட்சம்" என்று எழுதியிருக்கிறாய். அந்த 1,180 எது? மாடிப்படி, லிஃப்ட், நடைவழி எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் சூப்பர் பில்டப் கணக்காகத்தான் இருக்கும். சுவருக்குள் நீ புழங்கும் இடம், கார்பெட் ஏரியா, எவ்வளவு என்று கேள். மனையில் உன் பெயருக்கு எழுதப்போகும் பிரிபடாத பங்கு எவ்வளவு என்பதை அதைவிட அழுத்திக் கேள். நாளை கட்டடம் பழசாகி இடித்துக் கட்டும்போது உன் மகள் கையில் நிற்பது அந்த மண்தான், நிலம் வைத்திருந்த உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பெருங்குடிப் பக்கம் என்பதால், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலிருந்து எவ்வளவு தூரம் என்றும் பார்க்க வேண்டும். 2022இல் அது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதைச் சுற்றியுள்ள கட்டடங்களின் அனுமதிகளைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். புதிய கட்டடம் என்றால் ரெரா, அதாவது வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தின், பதிவு எண்ணையும், விற்க வரும் ஏஜெண்டின் ரெரா பதிவு எண்ணையும் கேள். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவான திட்டத்தில் வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜெண்டுக்கும் பதிவு வேண்டும்.

அந்த அம்மாவிடம் உன்னைப் பற்றிப் பேசிவிட்டேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். உன் தரகரை விரட்ட வேண்டாம். வீடுகளை அவர் காட்டட்டும், அவருக்கு உரிய கமிஷனையும் கொடு. பார்த்துச் சொல்ல உன் பக்கம் ஓர் ஆள் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

லலிதாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்து, இப்போது கைத்தடி இல்லாமல் கோயில்வரை போய் வருகிறாள். பேரன் பேசத் தொடங்கிவிட்டான், என்னை "தாத்தா" என்பதற்குப் பதில் "தத்தி" என்கிறான். நீ வந்தால் உன்னை என்ன சொல்வானோ தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு ரயிலைப் பிடித்துவிடு. மாம்பலத்தில் நான் நிற்கிறேன். வரும்போது அவர்கள் கொடுத்த பத்திர நகல்கள் எல்லாவற்றையும், மங்கலாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல், எடுத்து வா. செக் புத்தகத்தை மட்டும் கும்பகோணத்திலேயே வைத்துவிட்டு வா.

உன்,
சேது