துணியில் என்ன நிறம்?

அன்பு மகளே,

நேற்று போனில் "பாப்பா பால் கக்கிட்டாம்மா" என்று நீ சொன்னதும் "என்ன நிறம்?" என்று கேட்டேன். "பால் வேற என்ன நிறத்துல இருக்கும்?" என்று சிரித்தாய். வெள்ளைதான் என்று நீ சொல்லும்வரை எனக்கு உயிர் கையில் இல்லை.

உன் வயிற்றில் வலப்பக்கம் குறுக்கே ஓடும் தழும்பை, அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் என்று சொல்லியே வளர்த்தோம். அது பாதி உண்மை.

நீ பிறந்த ஒன்பதாம் நாள். என் தோளில் கிடந்த வெள்ளைத் துணியில் கக்கினாய். இலையைக் கசக்கிப் பிழிந்தது போல அடர்பச்சை. "பித்தம், தானா சரியாயிடும்" என்றார்கள் வீட்டில். வயிறும் உப்பவில்லை, தொட்டால் மெத்தென்றுதான் இருந்தது. நானும் நம்பி அடுத்த வேளைப் பாலைக் கொடுத்தேன். அதுவும் பச்சையாகவே வந்தது. உன் அப்பாதான் துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பு என்றார். டாக்டர் உன்னைத் தொடுவதற்கு முன் அந்தத் துணியைத்தான் விரித்துப் பார்த்தார். ஸ்கேனுக்கு அவரே உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்.

கருவிலேயே குடல் சுழன்று தன் இடத்தில் பதிய வேண்டுமாம். உனக்கு அது பாதியில் நின்றுவிட்டது. அகலமாக ஒட்டியிருக்க வேண்டிய குடல், சின்னக் காம்பில் தொங்கி முறுக்கிக்கொண்டது. பித்தநீர் இறங்க வழியில்லாமல் மேலே வந்தது. அதே முறுக்கில் ரத்தக்குழாயும் நெரியும். ரத்தம் போகாத குடல் சில மணி நேரத்தில் செத்துப்போகும். மலத்தில் ரத்தம், வயிறு வீங்கி இறுகுவது, குழந்தை துவண்டுபோவது எல்லாம் பிந்தி வருபவை. அதுவரை காத்திருக்கக் கூடாது.

முறுக்கைப் பிரித்துக் குடலை இடம் மாற்றி அடுக்கினார்கள். அப்படிச் செய்தால் அப்பெண்டிக்ஸ் இடப்பக்கம் போய்விடும், பின்னாளில் அதில் வலி வந்தால் பார்க்கிறவர் குழம்புவார் என்று அதையும் எடுத்துவிட்டார்கள். நாங்கள் சொன்ன பாதி உண்மை அதுதான்.

உனக்கும் ஒன்று. ஆபரேஷன் ஆன வயிற்றில் குடல் ஒட்டிக்கொண்டு அடைக்கலாம். விட்டுவிட்டு வலித்து, வயிறு உப்பி, வாந்தியும் வந்து, வாயுகூடப் பிரியவில்லை என்றால் கேஸ் என்று படுத்துவிடாதே. போன இடத்தில் தழும்பின் கதையை முதலில் சொல்.

அப்புறம், பாப்பாவுக்குத் தோளில் போட வெள்ளைத் துணியே வைத்துக்கொள். பூப்போட்டது அழகுதான், நிறம் தெரியாது. பச்சையைப் பார்த்தால் மறுபடி பால் கொடுக்காதே, என்னைக் கேட்டுக்கொண்டும் நிற்காதே. துணியோடு கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து கூப்பிடு.

அம்மா