மகன் வீட்டுக்கு ஏன் போகவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் பெற்றோரைத் தவிக்க விடுகிறார்கள் என்றுதான் பலரும் பத்திரிகைக்கு எழுதுகிறார்கள், என் கதை நேர்மாறு, மகன் வா வா என்கிறான், நான்தான் வரமாட்டேன் என்கிறேன், அதற்கு இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்னம்மா, மருமகளோடு மனஸ்தாபமா?" என்று துருவுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை.

நான் பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில். பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் நம் வீட்டுத் துணியில் மணக்கும், புருஷன் பெண்டாட்டி சண்டை பத்து வீட்டுக்குக் கேட்கும், ஆனால் காய்ச்சலில் படுத்தால் கேட்காமலே கஞ்சி வந்துவிடும். நல்ல ஒட்டுறவுதான், அதற்காகத் தலையில் தூக்கி வைத்து ஆடமாட்டேன். பகலில் கதவைச் சாத்தினாலே "என்னத்த மறைக்கிறா?" என்று கேட்ட காலம் அது.

அப்பா, தோட்டத் தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காக அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் ஆரம்பித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கியவர். நம்ம பேரில் ஒரு காகிதமாவது இருக்க வேண்டும் என்பார். அது எனக்கும் ஒட்டிக்கொண்டது. ரப்பர் மரத்தில் பால்வெட்டிப் பிழைத்த நான் 55 வயதில் சேமநிதியை எடுத்தபோது மகன் வீடு வாங்க முன்பணம் கேட்டான், பாதியைக் கொடுத்தேன், மீதியில் என் மலிவு விலை வீட்டுக் கடனை அடைத்தேன். முழுவதையும் கொடுத்திருந்தால் இன்று மருந்துக்கும் அவனிடம் கை நீட்டி, முகம் சுளிக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வருஷம் கோலாலம்பூர் பக்கம் பூச்சோங்கில் அவன் அடுக்குமாடி கொண்டோவில் ஒரு மாதம் இருந்தேன். 14வது மாடி. எல்லாரும் கிளம்பிப் போனபின் லிஃப்டில் இறங்கி நான் எங்கே போவது? சமையலறையில் உப்பு டப்பாவை நான் நகர்த்துவேன், மருமகள் பேசாமல் பழைய இடத்தில் வைப்பாள், மறுநாள் திரும்பவும் நகர்த்துவேன். நல்ல பெண், ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கே என் மேல் எரிச்சல்.

இப்போது பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் என் சாவி ஒன்று இருக்கிறது, காலை ஏழுக்குள் வாசல் திறக்காவிட்டால் வந்து பார்ப்பார். இரவில் மகன் போன் செய்வான். நினைத்தால் ரயிலேறிப் போய்ப் பேரப்பிள்ளைகளைப் பார்க்கிறேன். முழங்கால் மக்கர் பண்ணும் நாள் வந்தால் அப்புறம் பேசிக்கொள்வோம் என்று அவனிடமும் சொல்லியிருக்கிறேன்.

தீபாவளிக்கு எல்லாரும் இங்கே வருகிறார்கள். முறுக்குப் பிழிய பேத்திக்குச் சின்ன உழக்கு வாங்கி வைத்தாயிற்று. நாலு நாள் இருக்கட்டும், ஐந்தாம் நாள் எனக்கு என் வீடு வேண்டும் என்று மகனிடம் சொன்னேன், சிரிக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட்