பொதுக் குறிப்புகளை எங்கே வைப்பது?

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ கையேடு எழுதும் பிரிவுக்கு மாறியதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

ஒரே எச்சரிக்கையை எல்லாக் கையேடுகளிலும் நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள், ஒன்றுக்கொன்று வாசகம் மாறிக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். உங்கள் கையேடுகள் டாக்புக் என்ற எக்ஸ்எம்எல் (உரையின் பகுதிகளுக்குக் குறியிட்டு எழுதும் முறை) வடிவத்தில் இருப்பதால், ஒரு கோப்பின் பகுதியை இன்னொன்றுக்குள் சேர்க்கும் எக்ஸ்இன்க்ளூடிலேயே போ. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2004-லேயே அதைத் தரமாக அறிவித்துவிட்டது. கோப்புக்கு ஒரு சுருக்கப் பெயர் வைத்து அழைக்கும் பழைய என்டிட்டி முறையில் துண்டுக் கோப்புக்குள், ஆவண வகையைச் சொல்லும் டாக்டைப் வரி வைக்க முடியாது, அதனால் அதைத் தனியாகச் சரிபார்ப்பதும் சிரமம். எக்ஸ்இன்க்ளூடில் பொதுக் குறிப்புகளை வைக்கும் பொதுக் கோப்பும் முழுமையான எக்ஸ்எம்எல் கோப்புதான். வேண்டிய இடத்தில் கோப்பின் பெயரையும் குறிப்பின் ஐடியையும் (அதற்கு மட்டும் இட்ட தனிப் பெயர்) கொடுத்தால் அந்தக் குறிப்பு மட்டும் வந்து உட்காரும்.

ஒரே குறிப்பை ஒரு புத்தகத்தில் இரண்டு இடத்தில் சேர்த்தால் ஐடியும் இரண்டு முறை வந்து, சரிபார்க்கும்போது பிழை காட்டும். 2016-ல் வந்த 1.1 பதிப்பில், சேர்க்கும் இடத்திலேயே வேறு ஐடி கொடுக்கலாம். உங்கள் கருவிக்கு அது தெரியுமா என்று முதலில் பார்த்துக்கொள்.

டிட்டா என்ற இன்னொரு கையேட்டு வடிவத்தில் இதே வேலையைச் செய்யும் கான்ரெஃபில் எனக்குப் பிடித்தது அதன் கண்டிப்பு. குறிப்பு இருக்கவேண்டிய இடத்துக்குக் குறிப்பைத்தான் இழுக்கலாம், பட்டியலை இழுக்க முடியாது. எக்ஸ்இன்க்ளூட் எதையும் இழுத்துவரும். அதனால் சேர்த்து முடித்த பிறகு முழுப் புத்தகத்தையும் ஒருமுறை கட்டாயம் சரிபார்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 'மின் இணைப்பைத் துண்டித்து ஐந்து நிமிடம் கழித்தே மூடியைத் திறக்கவும்' என்று பொதுக் கோப்பில் இருக்கிறது என்று வை. கப்பாசிட்டரில் தங்கிய மின்சாரம் வடிவதற்கான நேரம் அது. சின்னக் கப்பாசிட்டர் உள்ள புது மாடலுக்காக யாராவது அதை இரண்டு நிமிடமாக்கினால், பெரிய இயந்திரத்தின் கையேட்டிலும் சத்தமில்லாமல் இரண்டாகிவிடும். திறப்பவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. வாசகம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, காரணமும் ஒன்றாக இருக்கும் குறிப்பைத்தான் பொதுவாக்க வேண்டும். நேரம் மாறுமென்றால் மாடலுக்கு ஒன்றாகத் தனித்தனிக் குறிப்பாக வை. 'எச்சரிக்கை-7' மாதிரி ஐடி வேண்டாம், 'கப்பாசிட்டர்-பெரியது' என்று வைத்தால் திருத்துகிறவர் கை தயங்கும். அந்தக் கோப்பைத் தொடும் முன் ஐடியைத் தேடி, எந்தெந்தப் புத்தகத்தில் வருகிறது என்று பார்ப்பதை எல்லோருக்கும் பழக்கமாக்கிவிடு. பொறுப்பு ஒருவரிடம் இருக்கட்டும், அது நீயாக இருந்தால் நிம்மதி.

கோப்பின் முதல் வடிவம் தயாரானதும் அனுப்பு, ஐடிப் பெயர்களை நான் பார்த்துச் சொல்கிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா?

அன்புடன்,
முரளி