ஆன்லைன் டாக்டர் எழுதுற மருந்துச் சீட்டை நோயாளி கையிலயும் குடுக்க உத்தரவு போடக் கோரி மனு

பெறுநர்: சுகாதாரத்துறை அதிகாரி அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமா முன்னாடி அனுப்பின மனுவுக்கெல்லாம் பதிலே வரல, அதனால மறுபடி எழுதறேன். எங்க பகுதி நீங்க ஆய்வுக்கு வந்து பாத்த இடம்தான், ஆஸ்பத்திரி எவ்ளோ தூரம்னு உங்களுக்கே தெரியும், அதான் பாதிப் பேர் வீடியோ கால்ல டாக்டரப் பாக்கறோம். டாக்டர்ங்க மேல குறை இல்ல. போனை வச்சப்புறம்தான் பாடு.

1. சீட்டு எங்க கைக்கு வர்றதில்ல. டாக்டரப் பாக்கற ஆப்புலேர்ந்து நேரா அந்த ஆப்புக்காரங்க மருந்தகத்துக்கே போயிடுது.

2. பிராண்ட் பேர்லதான் எழுதறாங்க. ஜெனரிக் பேர், அதாவது மருந்தோட பொதுப் பேர் இருந்தா அதே மருந்தை கம்மி விலைக்கு கேட்டு வாங்கலாம். டெலிவரி சார்ஜ் வேற தனியா.

3. இன்சுலின். ஐயா, இதை மட்டுமாவது முழுசா படிங்க. என் பொண்ணுக்கு டைப் 1 சுகர், உடம்புல இன்சுலினே சரியா சுரக்காது, ஊசிதான் போடணும். பிரிக்காத இன்சுலினை 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும், சூட்டுல கிடந்தா வீரியம் போயிடும், உறைஞ்சு போனாலும் தூக்கித்தான் போடணும். எங்களுக்கு வந்த பார்சல்ல ஐஸ் பேக் தண்ணியா கிடக்கு, டப்பா வெதுவெதுன்னு இருக்கு. கெட்டுச்சா இல்லையான்னு கண்ணால பாத்து சொல்லவும் முடியாது, ஊசி போட்டு சுகர் இறங்கலன்னாதான் தெரியும், குழந்தைய வச்சு டெஸ்ட் பண்ணவா? திருப்பி எடுங்கன்னா குளிர்ல வைக்கிற மருந்துக்கு ரிட்டர்ன் கிடையாதாம்! அனுப்பறப்ப அந்த ஞாபகம் எங்க போச்சு? ஒரு நாள் இன்சுலின் தடைபட்டாலே கீட்டோஅசிடோசிஸ், அதாவது ரத்தத்துல அமிலம் ஏறுறது, வந்து உயிருக்கு ஆபத்தாகிடும், இது உங்க துறைக்குத் தெரியாததா? இன்சுலினைக் கண்டுபிடிச்சவங்க 1923ல பேட்டன்ட்டை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ யுனிவர்சிட்டிக்குக் குடுத்துட்டுப் போனாங்க, நாம என்னடான்னா ஒரு சீட்டுக்குக் கெஞ்சிட்டு நிக்கறோம்.

4. சீட்டு கையில இருந்தா நானே நடந்து போய், பிரிட்ஜ்லேர்ந்து எடுத்துக் குடுக்கறத வாங்கிட்டு வந்துடுவேன்.

டெலிவரியே வேணாம்னு சொல்லல ஐயா. படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு அது கண்டிப்பா வேணும், மாசாமாசம் அதே பிரஷர் மாத்திரை போடறவங்களுக்கும் வசதிதான். வீட்டுக்கு வரணுமா கடையில வாங்கணுமான்னு நோயாளி முடிவு பண்ணட்டும், ரெண்டுக்கும் மொத்த விலை ஆர்டருக்கு முன்னாடியே தெரியட்டும்.

சீட்டை ஜெனரிக் பேரோட எங்க கையில குடுக்கச் சொல்லி ஒரு உத்தரவு போடுங்க, தயவுசெஞ்சு போடுங்க. முடியாதுன்னா அதையாவது எழுத்துல சொல்லுங்க, மேல யார்கிட்ட போகணுமோ போய்க்கறேன்.

இப்படிக்கு,
டைப் 1 குழந்தையோட அம்மா